வைஃபை நாட்டாமை

சிங்கப்பூரின் சாங்கி பிஸினஸ் பார்க்கில் வேலை, சிமெயிலோ தெம்பனிஸிலோ பங்கு போட்டு எடுத்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்று இருக்கும் நம்மவர் கூட்டத்தில் தவறாமல் ஒருவர் இருப்பார். வாடகை ஒப்பந்தம் வேறொருவர் பெயரில் இருக்கும். கரண்ட் பில்லை இன்னொருவர் கட்டுவார். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு மட்டும் இவரிடம். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். பகலில் ஏதோ ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் பத்தோடு பதினொன்று. இரவில் நாட்டாமை.

நான்கறை வீட்டிலும் அதைவிடப் பெரிய வீட்டிலும் உறவில்லாத ஆறு பேர்தான் தங்கலாம் என்றிருந்த வரம்பை 2024 ஜனவரியில் தற்காலிகமாக எட்டாக்கினார்கள். ஊரெல்லாம் அதை வாடகைச் செய்தியாகப் படித்தது. நாட்டாமை மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு ஆள் என்றால் இரண்டு போன், இரண்டு லேப்டாப், எப்படியும் ஒரு டேப்.

சோதனை நேரம் இரவு ஒன்பதரை. சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் ஊரில் மணி ஏழாகும்போது இங்கே எல்லோரும் குளித்து, சாப்பிட்டு, போனும் கையுமாகப் படுத்திருப்பார்கள். நடு ரூமில் வீடியோ காலில் அம்மா. கடைசி ரூமில் சீரியல். ஹாலில் ஒருவர் கல்யாண வீடியோ மொத்தத்தையும் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருப்பார். ஐபிஎல் மாதமென்றால் பத்து மணிக்கு முதல் பந்து. பத்து ஐந்துக்குக் குரல் வரும்: “அண்ணே, வட்டம் சுத்துது!”

இந்தக் குரலுக்காகவே காத்திருந்தவர்போல நாட்டாமை எழுந்து வருவார். ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதெல்லாம் அவர் அகராதியில் பாமரர் வேலை. முதலில் விளக்கம். சென்னையிலிருந்து வங்கக் கடலுக்கடியில் டாடா போட்ட கேபிள், 2004இல் இயங்கத் தொடங்கியது, கரையேறுவது இதே சாங்கியில்தான். நீளம் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, அம்மா கேட்கும் “சாப்ட்டியா?” கடலைத் தாண்டுவதற்குப் பதினாறு மில்லி நொடி போதும். அங்கிருந்து இத்தனை வேகமாக வந்தது, நம் செருப்பு அலமாரி மேலிருக்கும் பெட்டிக்குள் அரை நொடி உட்கார்ந்துவிடுகிறது. “தப்பு கடல்ல இல்ல தம்பி, வாசல்ல.”

கணக்கில் பெரிய பிழையில்லை. மெமரி மலிவானதும், ஒரு தரவுப் பாக்கெட்டும் கீழே விழக் கூடாதென்று கருவி செய்கிறவர்கள் அவை காத்திருக்கும் தாங்கிகளை, அதாவது பஃபர்களை, பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். விழவில்லை, ஆனால் வரிசை நீண்டது. 2010இல் தன் வீட்டு இணைப்பு ஏன் இழுக்கிறது என்று துருவிய ஜிம் கெட்டிஸ் இந்த நோய்க்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்ஸனும் கோடெல் என்ற மருந்தைக் கொடுத்தார்கள்: வரிசையில் காத்திருப்பு ஐந்து மில்லி நொடிக்கு மேல் விடாமல் நீடித்தால் சில பாக்கெட்டுகளைத் தூக்கி எறிந்துவிடு, அனுப்புகிறவன் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பான். அதன் வாரிசான கேக் 2018இல் லினக்ஸ் 4.19இல் சேர்ந்தது. “வீட்டுக்கு கேக் போட்டிருக்கேன்” என்று நாட்டாமை வாட்ஸ்அப் குழுவில் அறிவித்த அன்று, இரண்டு பேர் ஆபீஸிலிருந்து சீக்கிரமாக வந்தார்கள்.

கேக் பங்கு பிரிக்கும் முறைதான் நாட்டாமையின் வாழ்க்கைத் தத்துவம். இணைப்பு ஒன்றுக்கு ஒரு பங்கு என்று வைத்தால், டோரன்ட் போடுகிறவர் ஐம்பது இணைப்பைத் திறந்து ஐம்பது பங்கை வாரிக்கொள்வார். அம்மாவோடு பேசுகிறவருக்கு மிஞ்சுவது ஒன்று. இது அநியாயம். எனவே முதலில் கருவிக்கு ஒரு பங்கு, பிறகு அந்தக் கருவிக்குள் எத்தனை இணைப்போ அத்தனை துண்டு. யாரும் கேட்காத பங்கு வீணாகாது, கேட்கிறவருக்குப் போய்விடும். தீர்ப்பு சொல்லிவிட்டு நாட்டாமை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, எனக்கு ஒரு போன்தான். அவருக்கு போன், லேப்டாப், டேப். வாடகை மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு. அப்ப அவருக்கு மூணு பங்கா?”

இந்தக் கேள்விக்கு எந்த மென்பொருளிலும் பதில் இல்லை. நாட்டாமை தண்ணீர் குடிக்கப் போனார்.

அடுத்த கலகம் பத்து சதவீதத்தால் வந்தது. வரிசை நம் பெட்டியில் உருவானால்தான் நாம் அதை ஆள முடியும் என்பதால், லைனின் உண்மை வேகத்துக்குச் சற்றுக் கீழே, சுமார் தொண்ணூறு சதவீதத்தில் வரம்பு வைப்பது வழக்கம். “காசு குடுத்து வாங்கின ஸ்பீடை நீங்களே குறைக்கிறீங்களாண்ணே?” என்று வீடே திரண்டது. அதோடு, இப்படிப் பங்கு பிரிக்கும்போது ரவுட்டரின் வன்பொருள் குறுக்குவழி அணைந்து, எல்லா பாரமும் அதன் சின்ன சிபியு தலையில் விழும். ஆயிரம் மெகாபிட் லைனில் சில நூறுதான் தேறியது. சிம் லிம் ஸ்கொயருக்குப் போய் வலுவான பெட்டி வாங்கினார்கள். அந்தச் செலவை எட்டாக வகுப்பதா, கருவிக் கணக்கில் வகுப்பதா என்ற விவாதம் ஞாயிறு மதியம் முழுக்க நடந்தது. கருவிக் கணக்கை ஆதரித்தவர் ஒற்றைப் போன்காரர்.

இத்தனைக்கும் இந்த ஊரில் ஃபைபருக்குப் பஞ்சமே இல்லை. 2024இல் அரசாங்கம் நாட்டு அகன்ற அலைவரிசைக் கட்டமைப்பைப் பத்து கிகாபிட்டுக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கியது. “இனி உங்களுக்கு வேலையில்லையாண்ணே?” என்று கேட்டால் சிரிப்பார். “பத்து வந்தாலும் உன் போனுக்குக் காத்துலதானடா வரணும்?”

உண்மை. நெரிசல் பெரும்பாலும் காற்றில்தான். 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் கட்டிய வீடுகளில் பாம் ஷெல்டர் கட்டாயம். தடித்த கான்கிரீட், இரும்புக் கதவு. அரிசி மூட்டையும் சூட்கேஸும் வைக்க அதைவிட நல்ல இடமில்லை, ரவுட்டர் வைக்க அதைவிட மோசமான இடமில்லை. நாட்டாமைக்கு முந்தைய ஆட்சியில் ரவுட்டர் அரிசி மூட்டை மேல்தான் இருந்தது. அதை வெளியே கொண்டுவந்த ஒரே காரியம், பிறகு செய்த எல்லா டியூனிங்கையும்விட அதிகப் பலன் தந்தது என்பதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். சமையலறைப் பக்கத்து ரூமில் பழைய போன் வைத்திருப்பவரும் ஒரு சிக்கல். வைஃபையில் எல்லோருக்கும் சமமாக முறை வரும். ஆனால் மெதுவான போன் தன் முறையில் நெடுநேரம் காற்றைப் பிடித்துக்கொள்ளும். அவருக்குப் புதுப் போன் வாங்க வீடு நிதி திரட்டியது. அதில் நாட்டாமை பங்கு அதிகம்.

பக்கத்து விமான நிலையமும் பழியிலிருந்து தப்புவதில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் மாதிரித் துடிப்பு கேட்டால் ரவுட்டர் பத்து நொடிக்குள் விலகி, அரை மணி அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது விதி. வேறெதையோ கேட்டு ரேடார் என்று ரவுட்டர் மிரள்வதும் சகஜம். ஆனால் ஜன்னல் வழியே விமானம் தெரியும் வீட்டில் இதை யார் நம்புவார்கள்? இணைப்பு அறுந்ததும் எட்டுப் பேரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

பஃபர்புளோட் ஒழிப்பு இயக்கத்தை ஆண்டுக்கணக்கில் முன்னின்று நடத்திய டேவ் டாட் 2025 ஏப்ரலில் காலமானபோது நாட்டாமை தன் வாட்ஸ்அப் படத்தை மாற்றினார். “எந்த டீம் கோச்சுண்ணே?” என்று விசாரித்தார்கள். அன்று மட்டும் அவர் விளக்கம் சொல்லவில்லை.

ஒருநாள் ஊரிலிருந்து குடும்பம் வருகிறது. நாட்டாமை தெம்பனிஸில் தனி வீடு பார்த்துப் போகிறார். பாஸ்வேர்டை எழுதி வாங்கிய வாரிசு, முதல் வேலையாகப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரையே சொருகுகிறான். வேகச் சோதனையில் தொள்ளாயிரத்துச் சொச்சம். விடுதலை கொண்டாட தேக்காவிலிருந்து பிரியாணி வருகிறது. ஒன்பதரை தாண்டியதும் நடு ரூம் அம்மா பாதி வார்த்தையில் உறைகிறார். “அண்ணே…” என்று போன் போகிறது. பழைய பெட்டியைத் திரும்பச் சொருகச் சொல்கிறார். இரண்டு நிமிடத்தில் எல்லாம் சரி. ஆனால் அவர் போனை வைப்பதாக இல்லை.

“கடைசி ரூம்ல புதுசா ஒரு டேப் ஏறியிருக்கே, யாரோடது?”