கொள்ளுத்தாத்தா படம் போட்ட சட்டை

வாடா பேராண்டி. தேசாரு கடற்கரையில குடும்ப நாளாம், எல்லாருக்கும் கொள்ளுத்தாத்தா படம் போட்ட சட்டையாம், நீயே வீட்டுல அச்சடிக்கப் போறியாம். கேட்டு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. கடைக்காரனுக்குக் காசு மிச்சம்! நாலு சட்டையைக் கருக்கினா கணக்கு நேராயிடும், அது வேற.

சட்டையில இஸ்திரி போட்டு ஒட்டற தாளோட உறையில எழுதியிருக்கறதைப் படிச்சுத் தொலைக்காதே. வெள்ளைச் சட்டைத் தாள்ல படத்தை இடவலம் மாத்தி அச்சடிக்கணுமாம். நீ அப்படியே அடி. குடும்பப் பேரு திரும்பி நிக்குமேன்னு பயப்படாதே. ஜொகூர் பாருல 1922-லேர்ந்து இருக்கற ராஜகாளியம்மன் கோயிலை மூணு லட்சம் கண்ணாடித் துண்டு பதிச்சு இழைச்சிருக்காங்கல்ல? எல்லாரையும் அங்க கொண்டுபோய் நிறுத்து. எழுத்துக்கு ஒரு சில்லுன்னு நேராப் படிச்சுக்கலாம்.

கறுப்புச் சட்டைக்கும் அதே தாளைப் போடு. வீட்டுப் பிரிண்டர்ல வெள்ளை மை ஏது? படத்துல வெள்ளையா இருக்கற இடத்துல துணி நிறம்தான் தெரியும். கொள்ளுத்தாத்தா வேட்டி கறுத்து, மாலை போட்ட சாமியாயிடுவாரு. கறுப்புத் துணிக்குன்னே வெள்ளை அடிப்பூச்சுத் தாள் விக்குது, அதுல படத்தைத் திருப்பவும் வேணாம். உனக்கெதுக்கு அதெல்லாம்?

சப்ளிமேஷன் மை ஜோரா நிக்கும்னு எவனாச்சும் சொன்னா, பருத்தியில போட்டுப் பாரு. அது 200 டிகிரி கிட்ட ஆவியாகி பாலியஸ்டர் நூலுக்குள்ளதான் குடியேறும். பருத்தியில ரெண்டு துவைப்பு. வேட்டியோட ஆளும் கிளம்பிடுவாரு.

இஸ்திரிப் பெட்டியில தண்ணி ஊத்தி நல்லா ஆவி விடு. மெத்துன்னு இருக்கற பலகையில வச்சுப் பள்ளிக்கூடச் சட்டை மாதிரி இழுத்து இழுத்துத் தேய். உங்க பாட்டி ரப்பர்த் தோட்டத்துல பால்கட்டியை உருளையில விட்டு ஷீட்டு போட்டப்போ அழுத்தினாளா, தடவிக் குடுத்தாளா? கெட்டியான மேசை, காஞ்ச பெட்டி, உடம்புப் பாரமெல்லாம் கையில. ஆவித்துளை இருக்கற இடத்துல சூடு பத்தாது, அதனால பெட்டியைத் தூக்கித் தூக்கி இடம் மாத்தி வைக்கணும். ஓரத்தை விட்டா முதல் துவைப்புலயே உரியும். ஆனா நீ போன் பாத்துக்கிட்டே தேய்க்கறவன், ஓரம் எங்க கண்ணுல படப்போகுது?

துவைக்கறப்போ உள்பக்கத்தை வெளிய திருப்பிப் பச்சைத் தண்ணியில அலசச் சொல்லுவாங்க. கேக்காதே. டிரையர்ல போட்டுச் சுத்து. போட்டோவுல இல்லாத சுருக்கமெல்லாம் தாத்தா மூஞ்சியில விழுந்துடும், வயசுக்கு மரியாதை!

எனக்குப் படமெல்லாம் வேணாம்டா. வெறும் சட்டையைக் குடு. தாள் காசு எத்தனை வெள்ளியோ, கையில வை; ரொட்டி சானாய் பசியாறிட்டு வந்துடறேன்.