பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தவர்

“அவன்தான் பைத்தியம்னு எனக்கு அப்பவே தெரியும்.” எப்போது என்று கேட்டால், “பத்து நிமிஷத்துலயே” என்பார். ‘ஷட்டர் ஐலண்ட்’ ஓடுகிற வீட்டில், ரிமோட்டுக்குக் கை எட்டும் இடத்தில் இவர் இருப்பார். மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கி 2010இல் வெளிவந்த இந்தப் படம் 138 நிமிடம். அவர் கணக்குப்படி அதில் 128 நிமிடம் அவருக்கு வீண். அப்படியானால் எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாமே என்றால், மாட்டார். மற்றவர்களுக்கும் அது வீணாகும்வரை உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பத்து நிமிடத்தில் திரையில் என்னதான் இருக்கிறது? ஆண்டு 1954. பாஸ்டனுக்கு வெளியே கடலில் ஒரு தீவு. மனநோய்க்கு ஆளான குற்றவாளிகளை வைத்திருக்கும் ஆஷ்கிளிஃப் மருத்துவமனை அங்கே இருக்கிறது. அங்கிருந்து காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடி டெடி டேனியல்ஸ் என்ற மார்ஷல் படகில் வருகிறார். நடித்திருப்பவர் லியோனார்டோ டிகாப்ரியோ. படகில் வாந்தி எடுக்கிறார். புதிதாகச் சேர்ந்த கூட்டாளி சக்கிடம், தீயில் இறந்துபோன மனைவியைப் பற்றிச் சொல்கிறார். கரையிறங்கினால் காவலர்கள் முறைக்கிறார்கள். வாசலில் இருவரும் துப்பாக்கியை ஒப்படைக்கிறார்கள். அவ்வளவுதான். இதிலிருந்து எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், “மூஞ்சியே சரியில்லையே” என்பதுதான் நம்மவர் காட்டும் ஆதாரம். படகில் குமட்டி முகம் வெளிறுகிறவரெல்லாம் மனநோயாளி என்றால், கடலில் போகிறவர்களில் பாதிப் பேரை உள்ளே வைக்க வேண்டியிருக்கும்.

நியாயமாகச் சொன்னால், அந்த வாசலில் உண்மையிலேயே ஒரு துப்பு இருக்கிறது. சக் தன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்துத் தரத் தெரியாமல் தடுமாறுகிறார். பழகிய மார்ஷலுக்கு வரக்கூடாத தடுமாற்றம். அதை வைத்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருந்தால் எழுந்து நின்று கும்பிடலாம். ஆனால் அந்த நேரத்தில் நம்மவர் முறுக்கு டப்பாவின் மூடியோடு போராடிக்கொண்டிருந்தார். படம் முடிந்து யாராவது அந்தத் தடுமாற்றத்தை எடுத்துச் சொன்னால், “அதேதான், அதை வச்சுத்தான் சொன்னேன்” என்பார்.

‘கண்டுபிடித்தார்’ என்பதையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். மனநல மருத்துவமனைக்குள் நடக்கிற மர்மக் கதைக்கு முடிவு பெரும்பாலும் மூன்றில் ஒன்று: நாயகனே நோயாளி, அல்லது மருத்துவர் வில்லன், அல்லது நடந்ததெல்லாம் நடக்கவே இல்லை. நம்மவர் மூன்றையும் வெவ்வேறு நேரத்தில் சொல்லி வைத்துவிடுவார். பென் கிங்ஸ்லி வாயில் பைப்போடு வந்ததும், “இந்த டாக்டர்தான் ஏதோ பண்றான்.” புயல் அடித்து மரங்கள் சாய்ந்ததும், “இவங்க எல்லாருமே செத்துட்டாங்கப்பா, பாருங்க.” முடிவு தெரிந்ததும் தவறிய இரண்டும் மறந்துபோகும். எல்லாக் குதிரை மேலும் பணம் கட்டிவிட்டு, ஜெயித்த சீட்டை மட்டும் ஊருக்குக் காட்டுகிற சாமர்த்தியம் இது.

மெய்யாகவே ஊகித்தவர்களும் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள். டென்னிஸ் லெஹேனின் மூல நாவல் 2003இலேயே வந்துவிட்டது. படித்தவர்களுக்கு எல்லாம் தெரியும். 1920இல் வந்த ஜெர்மானிய மௌனப் படமான ‘டாக்டர் காலிகாரி’யைப் பார்த்தவர்களும் ஊகித்திருப்பார்கள், கதை சொல்கிறவனே மருத்துவமனை நோயாளி என்ற திருப்பம் அதிலேயே இருக்கிறது. தொண்ணூறு ஆண்டுப் பழைய திருப்பம் என்பது, பழைய படங்களைக் கரைத்துக் குடித்த ஸ்கோர்செஸிக்குத் தெரியாதா? தெரிந்தும் எடுத்தார் என்றால், அந்த ஒரு அதிர்ச்சியை மட்டும் நம்பி எடுக்கவில்லை என்றுதான் பொருள். புதிர்ப் படத்தில் விடை சொல்வது பார்வையாளரின் உரிமை என்ற வாதமும் இங்கேதான் நொண்டுகிறது. இந்தப் படத்தின் துப்புகள் முதல் தடவையில் விடை சொல்வதற்காக வைத்தவை அல்ல. இரண்டாம் தடவை பார்க்கிறவரை அடிவயிற்றில் குத்துவதற்காக வைத்தவை. விசாரணைக்கு வந்த நோயாளிப் பெண் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கும்போது, ஒரு நொடி அவள் கையில் தம்ளரே இருப்பதில்லை. தன் குழந்தைகள் தண்ணீரில் போனதை நினைக்க மறுக்கிறவனின் கண் வழியாகத்தான் நாம் இதுவரை பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது பிற்பாடுதான் உறைக்கும். நம்மவர் அதைக் கவனித்ததே இல்லை. காட்டினால், “எடிட்டிங்ல விட்டுட்டாங்க” என்பார்.

அவர் கண்டுபிடித்தது நோயாளி யார் என்பதை மட்டும்தான். அந்த மனிதனுக்கு மூன்று குழந்தைகள் இருந்ததையும், மனைவி அவர்களை ஏரியில் மூழ்கடித்ததையும், அதைக் கண்ட அவனே அவளைச் சுட்டதையும் பத்தாவது நிமிடத்தில் எவராலும் ஊகிக்க முடியாது. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அவளுடைய நோய் திடீரென்று வந்ததல்ல. தலைக்குள் ஒரு பூச்சி இருப்பதாக அவளே சொல்லியிருக்கிறாள். குடியிருந்த வீட்டுக்குத் தீ வைத்திருக்கிறாள். கணவன் என்ன செய்தான்? குடித்தான், வேலைக்குப் போனான், ஏரிக்கரைக்கு வீட்டை மாற்றினான். எல்லா அறிகுறியும் கண்முன் இருந்தும் ஒன்றும் செய்யாத ஒருவனின் கதை இது. அப்படிப்பட்ட படத்தைப் பார்த்துவிட்டு, “அறிகுறியெல்லாம் நான் முன்னாடியே பார்த்துட்டேன்” என்று ஒருவர் பெருமையடிப்பது ஸ்கோர்செஸிக்கே தோன்றாத நகைச்சுவை.

கடைசிக் காட்சிக்கு நம்மவர் இருப்பதில்லை. கலங்கரை விளக்கத்தில் உண்மை உடைந்ததும், “சொன்னேன்ல!” என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். படம் நிஜமாகக் கேள்வி கேட்பது அதற்குப் பிறகுதான். மறுநாள் காலை, படியில் உட்கார்ந்து, கொடியவனாக வாழ்வதா நல்லவனாகச் சாவதா என்று நாயகன் கேட்கிறான். மூல நாவலில் இந்தக் கேள்வி கிடையாது, படத்துக்காகச் சேர்த்தது. கேட்டுவிட்டு, மூளையை அறுக்கும் லோபோட்டமி சிகிச்சைக்குத் தானே நடந்து போகிறான். அந்த அறுவையைப் புகுத்திய எகாஸ் மோனிஸுக்கு 1949இல் நோபல் பரிசு கிடைத்தது; கதை நடக்கும் 1954இல் அமெரிக்காவில் குளோர்புரோமசைன் மாத்திரை வந்துவிட்டது. கத்தியா, மாத்திரையா, பேச்சா என்று மருத்துவர்கள் அடித்துக்கொண்ட காலம் அது. நோய் திரும்பியதால் போகிறானா, தெளிந்த பிறகு தெரிந்தே போகிறானா? படத்துக்கு மனநல ஆலோசகராக இருந்த ஜேம்ஸ் கில்லிகன், குற்றவுணர்வோடு வாழ முடியாமல் தெரிந்தேதான் போகிறான் என்றார். இல்லை, அவன் மார்ஷலேதான், மருத்துவர்கள் சேர்ந்து பைத்தியமாக்கிவிட்டார்கள் என்று வாதிடும் கூட்டமும் உண்டு. அவர்கள் சொல்வது தவறு; ஆனாலும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர்கள் என்ற மரியாதை அவர்களுக்கு உண்டு.

நம்மவரைப் பார்த்தால் சில சமயம் பாவமாகவும் இருக்கிறது. ஏமாந்துவிடக்கூடாது என்ற பயம் அவருக்கு. சீட்டுக் கம்பெனியில் ஆரம்பித்து யார் யாரிடமோ ஏமாந்த தலைமுறை. ஒரு சினிமாவாவது தன்னை ஏமாற்றாமல் போகட்டும் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் காசு கொடுத்து ஏமாறப் போகிற ஒரே நல்ல இடம் சினிமாதான். அங்கேயும் உஷாராக இருந்தால் கிடைப்பது ஒன்றுமில்லை. அவர் உஷாராக இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் முதல் தடவையாகப் பார்க்கிற பெண்ணின் காதில் பாதிப் படத்திலேயே முடிவைச் சொல்லி, அவளுக்குக் கிடைக்க வேண்டிய பயத்தையும் அழுகையையும் பறிக்கிறாரே, அதில் வேடிக்கை ஏதும் இல்லை. அது அடுத்தவர் பொருளை எடுப்பது.

ஆகையால் ஐயா, ஒரு விண்ணப்பம். கண்டுபிடித்ததை ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். பக்கத்தில் நேரத்தையும் குறியுங்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படம் முழுக்க முடிந்ததும் எடுத்துக் காட்டுங்கள். சரியாக இருந்தால் எல்லோரும் கைதட்டுகிறோம். எழுத மாட்டேன், வாயால்தான் சொல்வேன் என்றால், ரிமோட்டை இந்தப் பக்கம் கொடுத்துவிடுங்கள்.