மூச்சு விடுகிற துணி

நவம்பர் பிறந்தால் போதும், ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் அண்ணைமாருக்குத் துணி விசர் தொடங்கிவிடும். மனைவியோடு சேலைக் கடைக்குப் போனால் வாசலிலேயே கதிரை தேடி இருந்துவிடுகிற அதே மனுஷன், கார் கவர் என்று வந்ததும் துணியை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடிப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து சிங்கில் விரித்து, நடுவைக் குழியாக்கித் தண்ணீர் விட்டு, கீழே கசிகிறதா என்று மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்பார். இதெல்லாம் முன்னோட்டம். முக்கியமான சோதனை கடைசியில்தான் வரும். துணியை வாயோடு அணைத்து, கன்னம் உப்ப, ஊதுவார். மறுபக்கம் பிடித்திருக்கிற உள்ளங்கையில் காற்றுப் பட்டால், "இது மூச்சு விடுது." படாவிட்டால், "இது சரிவராது, காரை அவிச்சுப்போடும்."

அண்ணையின் பொறியியல் முழுவதும் இந்த ஊதலில்தான் நிற்கிறது. பிறந்தநாள் ஹோலில் கேக் வெட்ட முன்னரும், செத்தவீட்டில் பூவளையம் வைத்த பின்னரும், யாராவது கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று வாய் தவறிச் சொன்னால் பேச்சு நேரே கவருக்குப் போய்விடும். "என்ன கவர் போட்டிருக்கிறீர்? அஞ்சு லேயரோ, ஏழு லேயரோ? ஊதிப் பார்த்தனீரோ?" பார்க்கவில்லை என்றால் அவர் முகத்தில் வருகிற இரக்கத்தை, நம் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருக்கும் டொக்டரின் முகத்தில்கூடக் காண முடியாது. சோகம் என்னவென்றால், இந்தச் சோதனையே பிழை. ஒரு துணி காற்றை விடுவது வேறு, நீராவியை விடுவது வேறு. 1969ஆம் ஆண்டு பொப் கோர் என்பவர் டெஃப்லோனைச் சடாரென்று இழுத்து நீட்டி, கோர்டெக்ஸ் துணிக்கு அடிப்படையான சவ்வைக் கண்டுபிடித்தார். அதன் துளைகள் தண்ணீர்த் துளியை உள்ளே விடாது, நீராவியை வெளியே விடும். காற்றையும் அது பெரும்பாலும் தடுத்துவிடும். குளிர்கால ஜக்கெட்டுகளுக்கு அதைப் போடுவதே அதற்காகத்தான். ஆகவே அண்ணை ஊதிப் பார்த்தால் உலகத்திலேயே நல்ல துணி தோற்றுப்போகும், வீட்டுப் படுக்கை விரிப்பு முதலிடத்தில் பாஸாகும்.

லேயர் கணக்கும் அப்படித்தான். பஞ்சுப் பதமான பொலிப்புறப்பிலீன் இழைகளைச் சூட்டில் அழுத்தி, நடுவில் மெல்லிய படலம் வைத்துச் செய்த மூன்று படைத் துணி ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் விற்பவர்களுக்கு இந்த அண்ணைமாரை நன்றாகத் தெரியும். அஞ்சு என்றால் ஏழு என்பான் அடுத்தவன், பிறகு பத்து, பதினைந்து. எண்ணிக்கை கூடக் கூடத் தடிப்புக் கூடுகிறதா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. அண்ணை மூன்றை வாங்கி, மூன்றையும் ஊதி, இரண்டைப் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். திருப்பிக் கொடுக்கும் கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்கு, எச்சில் பட்ட துணி என்று தெரியாதவரை நல்லது.

சரி, நல்ல கவரே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எதிலிருந்து எதைக் காப்பாற்றுகிறது அது? ரொறன்ரோவில் காரைத் தின்பது மேலே விழுகிற ஸ்னோ அல்ல, கீழேயிருந்து தெறிக்கிற உப்பு. அசல் ஸ்னோ வெறும் தண்ணீர். பெயின்றின் மேல் நாட்கணக்கில் கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. உப்புக் கரைசல் வேறு சாதி. தகுந்த செறிவில் அது மைனஸ் 21 பாகை வரை உறையாமல் திரவமாகவே இருக்கும். துருப் பிடிக்கத் தேவையானது இந்தத் திரவம்தான். ஈரம் காய்ந்துவிட்டால் ஆபத்துப் போய்விட்டது என்றும் இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடும் குளிரில் தெருவுக்கு அடிக்கிற கல்சியம் குளோரைட்டுக்கு ஏறத்தாழ அதில் பாதி ஈரப்பதம் போதும். இப்போது உப்புப் படிந்த காரின் மேல் ஒரு கவரைப் போட்டு, நான்கு பக்கமும் எலாஸ்டிக்கால் இறுக்கி, கீழே ஈரமான தார்த் தரையைத் திறந்து விட்டால் உள்ளே ஈரப்பதம் கூடுமா, குறையுமா? கூடினால் உப்புக்குக் கொண்டாட்டம். சக்கரத்துக்கு மேல் வளைவிலும், கதவுக்குக் கீழ் விளிம்பிலும், பிரேக் பைப்பிலும் நடக்கிற இந்த வேலையைக் கவர் தடுக்கவில்லை. காற்றோட்டத்தைக் குறைத்து, கூடமாட ஒத்தாசை செய்கிறது.

அண்ணையிடம் இதற்குப் பதில் உண்டு. "நான் கழுவிப்போட்டுத்தான் மூடுறனான்." கழுவுகிறார்தான். மேற்பக்கத்தை. அடிப்பக்கம் கழுவுகிற தெரிவுக்கு இன்னும் சில டொலர் கூட என்பதால் அந்தப் பட்டனை அமத்துவதில்லை. துருவுக்கு எண்ணெய் அடிக்கிற கடைகள் இந்த ஊரில் மூலைக்கு மூலை இருக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை அடிக்கிற செலவுக்கும் ஒரு நல்ல கவரின் விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எண்ணெய் அடித்த கார் இரண்டு நாளைக்கு டிரைவ்வேயில் சொட்டுப் போடும், மணக்கும், யாருக்கும் வெளியே தெரியாது. கவர் தெருமுனையில் இருந்தே தெரியும். இந்த மனுஷன் காப்பாற்றுவது காரின் எந்தப் பகுதியை என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிற பகுதியை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பகுதியாவது தப்புகிறதா? காரின் பெயின்றுக்கு மேல் இருக்கிற கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரோன் தடிப்பு. தலைமயிர் ஒன்றின் தடிப்பு 70 அளவில் இருக்கும். அந்த மயிரளவும் இல்லாத படலத்தின் மேல் மணலும் உப்புத் தூசியும் ஒட்டியபடி துணியைப் போர்த்தி, லேக் ஒன்ராறியோப் பக்கமிருந்து வருகிற காற்றில் இரவு முழுக்கப் படபடக்க விட்டால், உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துக்கொடுக்கிற வேலைதான் நடக்கும். "உள்ளுக்கு மெத்தெண்டு பஞ்சு இருக்கு" என்பார். மெத்தென்ற பஞ்சு மணலை இன்னும் நன்றாகப் பிடித்து வைத்திருக்கும். அதோடு இந்த ஊர்க் குளிர் நேர்மையான குளிரும் இல்லை. வின்னிபெக் என்றால் உறைந்தது உறைந்தபடி கிடக்கும். ரொறன்ரோவில் ஜனவரிப் பகல் பூச்சியத்தை ஒட்டி நிற்கும், இரவில் மைனஸ் 7 பக்கம் இறங்கும். பகலில் உருகிய நீர் துணிக்குள் ஊறும், இரவில் துணி காரோடு சேர்ந்து உறையும். மூச்சு விடுகிற துளைகளை ஐஸ் அடைத்த பிறகு எந்த லேயர் எதை விடும்? காலையில் ஏழு மணி வேலைக்கு அண்ணை கவரைக் கழற்றுகிற காட்சியைத் தெருவே பார்க்கும். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணாடிக்காகத் தைத்த காதுப் பையில் ஐஸ் கட்டியிருக்கும், எலாஸ்டிக் பம்பருக்கடியில் இறுகியிருக்கும். சுரண்டினால் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு அரை மணி நேரம். முன் கண்ணாடிதான் கவலை என்றால் அதற்கு மட்டும் ஒரு சின்ன விரிப்புப் போதும். அதை அவர் வாங்க மாட்டார், அதில் ஊதிப் பார்க்க ஒன்றும் இல்லை.

"அப்ப மியூசியத்தில ஏன் மூடி வைக்கிறாங்கள்?" என்பது அடுத்த கேள்வி. அங்கே கார் கட்டடத்துக்குள்ளே, உலர்ந்த காற்றில், ஓடாமல் நிற்கிறது. துணி தூசிக்கு. கவருக்கு இடமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கோடையில் மட்டும் ஓட்டுகிற கார், ஒக்டோபரில் அடியும் மேலும் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, பற்றரி வயரைக் கழற்றி வைத்து, ஏப்ரல் வரை அசைக்காமல் விடப்போகிற கார் என்றால், உடம்புக்கு அளவாகத் தைத்த, நீராவி விடுகிற, வயிற்றுக்குக் கீழால் பட்டி கட்டுகிற கவர் நியாயமான செலவு. பிளாஸ்டிக் தார்ப்பாய் அதற்கும் உதவாது. உள்ளே எலி குடிவந்துவிட்டதா என்று இடைக்கிடை பார்க்கவும் வேண்டும். ஆனால் அண்ணையின் வாகனம் அவர் தினமும் வேலைக்கு ஓட்டுகிற கம்ரி. சிலருக்கு இரண்டாவதாக, பளபளவென்று ஒரு பென்ஸ் உண்டுதான். மூடி வைத்ததும் உண்டுதான். தைப்பொங்கலன்று தெரு காய்ந்து கிடக்கிறது என்று சொல்லி அதைக் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போவார். காய்ந்த தெருவில் வெள்ளையாகப் பறக்கிறதே, அது என்ன, திருநீறா? வந்து மறுபடி மூடிவிடுவார், கழுவாமல். அன்று கடும் குளிர் அல்லவா.

இதில் பெரிய வேடிக்கை ஏப்ரலில் நடக்கும். பெயின்றை உண்மையில் கெடுக்கிறவை எவை? கோடை வெயிலின் புற ஊதாக் கதிர், சுடு தகட்டில் விழுந்து காய்கிற பறவை எச்சம், மரப்பிசின். குளிர்காலத்தில் வெயிலும் சாய்ந்து மெலிந்துபோகும், மேப்பிள் மரத்தில் இலையும் இல்லை, பறவையில் பாதி தெற்கே போய்விட்டது. மரம் துளிர்த்து, றொபின் திரும்பி வந்து, கவருக்கு உத்தியோகம் கிடைக்கிற அந்தக் கிழமையில்தான் அண்ணை கவரைச் சுருட்டி டிக்கிக்குள் வைக்கிறார், ஈரத்தோடு. ஜூன் மாதம் கார் மணப்பதற்குக் காரணம் தேடி ஏசி பில்டரை மாற்றுவார்.

சில வேளை இந்த மனுஷனைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும். வந்த புதிதில் விடியற்காலை பஸ் தரிப்பிடத்தில் மைனஸ் 20இல் நின்று, இரண்டு வேலை செய்து, கடன் கட்டி முடித்துத் தன் பெயரில் எடுத்த கார் அது. வெறும் மேலோடு ஸ்னோவுக்குள் நிற்க விட அவருக்கு மனம் வராது. இரவு படுக்கப்போக முன் ஜன்னல் திரையை விலக்கி, கவர் விலகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லைட்டை நிற்பாட்டுவார். இதைப் பரிகசிக்க எனக்கும் முழு மனம் இல்லை. ஆனால் அந்தக் காருக்கென்று வீட்டோடு கட்டிக்கொடுத்த கராஜ் என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. திறந்து பார்த்தால் இருபது இறாத்தல் அரிசி மூட்டைகள், மீன் வைக்கிற பெரிய ஃபிரீசர், நண்டு காய்ச்சுகிற காஸ் அடுப்பு, மகளின் சாமத்தியச் சடங்குக்கு வாங்கின கதிரைகள், மூத்தவன் பத்து வயதில் விட்ட சைக்கிள். வீட்டில் இரண்டாவது விலைகூடிய பொருள் வெளியே நனைய, உடைந்த சைக்கிள் உள்ளே சூடாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மினக்கெட்டால் கராஜ் வெறுமையாகிவிடும், கவரே தேவைப்படாது. சொன்னால், "அதுக்குள்ள சாமான் கிடக்கு" என்பார், அந்தச் சாமான்களை வேறு யாரோ கொண்டுவந்து போட்ட தொனியில்.

இதுவரை சொன்னது அவர் கார், அவர் காசு என்று விட்டுவிடலாம். ஒரு விஷயத்தை விட முடியாது. கவரின் மேல் கிடந்த ஸ்னோவைத் தும்புத்தடியால் தட்டித் தெருவில் தள்ளுகிறார். ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் அதற்கு அனுமதி இல்லை. அதைக்கூட விடலாம், பாதித் தெரு செய்கிறது. ஆனால் பேஸ்மன்டில் வாடகைக்கு இருக்கிற பெடியன் என்ன பாவம் செய்தான்? வாடகை பேசும்போது பார்க்கிங்கும் சேர்த்துத்தான் பேசப்பட்டது. டிசம்பர் வந்ததும் டிரைவ்வேயில் மூடிய பென்ஸ் ஒரு பக்கம், மூடிய கம்ரி மறுபக்கம். காற்றில் துணி உரசாமல் இருக்க நடுவில் ஒரு முழம் இடைவெளி வேறு. பெடியனுடைய பழைய சிவிக் தெருவில். ஸ்னோ வண்டி வருகிற மாதங்களில் பல தெருக்களில் இரவு நிறுத்தத் தடை இருக்கிறது. இரவு வேலை முடித்து வந்து படுத்தவன் எழும்பிப் பார்த்தால் வைப்பரில் டிக்கெட். அதை அவன் கொண்டுபோய்க் காட்டினால் அண்ணை உண்மையாகவே வருத்தப்படுகிறார், நகரசபையை ஏசுகிறார், தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கச் சொல்கிறார், அப்படியே அவனுடைய சிவிக்குக்கும் ஒரு நல்ல கவர் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்கிறார். அண்ணை, அவனுக்குக் கவர் வேண்டாம். மாதம் மாதம் அவன் காசு கட்டுகிற அந்த இடத்தை விடுங்கோ. டிக்கெட் காசையும் குடுங்கோ.