சம சம்பளமும் சாயங்கால நிறுவையும்

என் அம்மாயி, அதாவது அம்மாவின் தாய், வேலைக்குப் பேர் பதிந்த காலத்தில் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். அது ஒளித்து மறைத்துச் செய்த காரியமுமல்ல. 1927இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமே ஆண், பெண், பிள்ளை என்று மூன்று விதமாகக் கூலி வகுத்து வைத்திருந்தது. 1984 ஏப்ரலில் தோட்டங்கள் வேலையை நிறுத்திய பிறகுதான் இருவருக்கும் ஒரே நாட்சம்பளம் என்றானது. அப்போது கொழுந்து மலையில் நின்றவர் என் அம்மா. அந்த வருடத்தைப் பற்றி இன்று பேச்செடுத்தாலும் முதுகை நிமிர்த்திக்கொள்வார். அந்தப் பெருமை எனக்கும் உண்டு.

சம்பளம் சமமானது, நேரம் சமமாகவில்லை. தேயிலைச் செடி கத்தரிக்கும் கவ்வாத்துக்குப் போகும் அப்பா, கொடுத்த மரத்தை வெட்டி முடித்துவிட்டுப் பகல் இரண்டு மணிக்கெல்லாம் லயத்துக்கு வந்துவிடுவார். அம்மா நாலரை, ஐந்து மணிவரை மலையில். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஓடுவேன். கொக்கியில் சாக்கு ஏறும். தராசு முள் ஆடி அடங்குமுன்பே கணக்கப்பிள்ளை வாயில் ஓர் எண் வந்துவிடும், கையில் பேனை அதை எழுதிவிடும். ஈரத்துக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கழிவு வேறு. அம்மா கழுத்தை நீட்டி முள்ளைப் பார்ப்பதற்குள் சாக்கு கீழே இறங்கியிருக்கும். நிறை குறைந்தால் அரைப்பேர், பாதி நாட்சம்பளம். அன்று காலை நாலு மணிக்கே எழுந்து ரொட்டி தட்டியது, மழையில் படங்கு கட்டிக்கொண்டு ஏறியது எல்லாம் அந்த ஒரு பேனைக் கீறலில் பாதியாகிப் போகும்.

அதன் பிறகு விறகு, பீலியில் தண்ணி, அடுப்பு. அப்பா கெட்டவர் அல்லர். அம்மாமீது கை வைத்ததே கிடையாது. இரண்டு மணிக்கு வந்தவர் உலை வைத்தால் என்ன என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். சம்பள நாளில் அம்மாவின் காசையும் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கி வருவார்.

சென்னையில் பிறந்து அமெரிக்காவில் பெப்சிகோவையே நடத்திய இந்திரா நூயி சொன்ன சம்பவம் ஒன்றைப் பலரும் கேட்டிருப்பீர்கள். கம்பனியின் பிரெசிடென்ட் ஆகப் போகிறார் என்ற செய்தியோடு இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தவரை அவருடைய தாயார் முதலில் பால் வாங்கி வரச் சொல்லி அனுப்பினாராம். கணவர் எட்டு மணிக்கே வந்துவிட்டார், ஆனால் அவர் களைத்திருந்தாராம். பாலோடு திரும்பி வந்து கோபித்த மகளிடம், கிரீடத்தைக் கராஜிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்றாராம் தாயார். மேடைகளில் இதை அடக்கத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படிக் கேட்க முடியவில்லை. எட்டு மணிக்கு வந்தவருக்குக் களைப்பு, பத்து மணிக்கு வந்தவளுக்குப் பால். எங்கள் லயத்தில் இரண்டு மணி, ஐந்து மணி. 2006இல் உலகத்தின் பெரிய கம்பனிகளில் ஒன்றுக்குத் தலைமை ஏற்றவருக்கும் றொசல்லயில் கொழுந்தெடுத்தவருக்கும் வீட்டு வாசலில் ஒரே சட்டம்தான் இருந்திருக்கிறது.

ஹட்டனில் நான் கறித்தூள் அரைத்துப் பொதி செய்யும் தொழில் தொடங்கியபோது, “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இம்புட்டு ஓட்டம்?” என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கடனுக்குப் போன இடத்தில், “வீட்டுக்காரர் வரலையா?” என்றார்கள். அடுத்த கேள்வி இன்னும் கடினமானது: காணி உறுதி இருக்கிறதா? தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தாலும் லயத்துக் காம்பராவுக்கு ஏது உறுதி? தோட்டத்துப் பெண் முன்னுக்கு வராததற்குத் துணிச்சல் இல்லாததுதான் காரணம் என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு காகிதத்தை மறந்துவிடுகிறார்கள். அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசிலும் என் நகையிலும்தான் முதல் அரவை இயந்திரம் வந்தது. இன்று என்னிடம் இயந்திரம் ஓட்டும் ஆண்களும் பொதி கட்டும் பெண்களும் நாலு மணிக்கு ஒன்றாகவே வெளியேறுகிறார்கள். அவரவர் கட்டியதை அவரவரே நிறுத்து அவரவரே எழுதுகிறார்கள். சம்பளம் அவரவர் வங்கிப் புத்தகத்துக்குப் போகிறது. இதனால் எனக்கு நட்டம் வந்ததில்லை.

எனக்கு அதிகாரத்தின் மேல் ஆசை உண்டு. அதைச் சொல்ல வெட்கமில்லை. ஆனால் ஒரு பெண் மேலே போய் உட்கார்ந்தால் கீழே உள்ள பெண்களுக்கெல்லாம் விடிந்துவிடும் என்று நம்ப மலையகத்தவளால் முடியாது. 1960இல் உலகத்தின் முதல் பெண் பிரதமரைத் தந்தது இந்த நாடு. அதே சிறிமாவோ பண்டாரநாயக்க 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு செய்த ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினரான எங்கள் ஆட்களில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. அம்மாயியின் தங்கை கப்பலேறியது அந்தக் கணக்கில்தான். கொழுந்தெடுத்த எந்தப் பெண்ணிடமும் அன்று யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

ஆனாலும் 2024 நவம்பரில் எங்கள் மலையகப் பெண்களே, நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றத்துக்குப் போனபோது சந்தோஷத்தோடு எதிர்பார்ப்பும் வந்தது. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350 ரூபாய் என்று ஏறியதற்கு எத்தனை போராட்டம் தேவைப்பட்டது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். தொழிற்சங்கங்களுக்குச் சந்தா கட்டுகிறவர்களில் பெண்கள்தான் அதிகம், பேச்சுவார்த்தை மேசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ரூபாய்க் கணக்கோடு மணிக் கணக்கையும் அந்த மேசையில் வைக்க வேண்டும். கொழுந்து மலைக்கும் கவ்வாத்துக்கும் வேலை விடும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். சில தோட்டங்களில் பெண்கள் கங்காணிகளாகிவிட்டார்கள், நல்லது. இனி ஒவ்வொரு மடுவத்திலும் தராசுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை நிறுத்துங்கள், முள் நின்ற பிறகு அவள் கையால் எழுதட்டும்.