மஞ்ச வேன் மகாத்மியம்

வா கண்ணு, இப்பிடிக் கட்டல்ல உக்காரு. பாப்பாவுக்கு எல்கேஜி சீட்டுக் கெடச்சிருச்சுன்னு உன்ற அம்மா சொன்னா. நெம்ப சந்தோசம். புள்ளைய விட்டுப்போட்டு உங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சுக் கேள்வி கேட்டாங்களாமா? நீ படிச்ச பள்ளிக்கோடம் எதுன்னு கேட்டப்போ என்ன சொன்ன? ஊர்ப் பேரை மட்டும் சொல்லிட்டு, பஞ்சாயத்து யூனியன்கறதை முழுங்கியிருப்பியே. நல்ல காரியம் பண்ணுன சாமி. பணத்தையுங் கட்டிப்போட்டு மானத்தையுங் கட்டோணும்னா எப்பிடி?

சேத்து, தகிரியமாச் சேத்து. புள்ள ஏபிசிடி படிக்கறதுக்குள்ள அப்பன் வட்டிக் கணக்கு நல்லாப் படிச்சுக்குவான். உன்ற ஊட்டுக்காரி சங்கிலிக்கும் சும்மா கழுத்துல தொங்கறதை விட்டா என்ன சோலி? ஜூன் மாசம் பேங்குக்குப் போயி தை மாசம் திரும்பி வரட்டும்.

இங்கிலீசுன்னு நீ வாயத் தொறக்கறதுக்குள்ள நானே சொல்லீர்றேன். அந்தப் பயம் நெசந்தான், அதைப் பகடி பண்ண மாட்டேன். கோயமுத்தூர்ல வேலைக்குச் சேந்த புதுசுல நீ மீட்டிங்குல வாயே தொறக்காம பொட்டாட்ட உக்காந்திருந்ததை எங்கிட்டத்தான வந்து சொன்ன. கணக்குல உன்னைய மிஞ்ச ஆளில்லை, ஆனா வாய் தொறந்தவனுக்குத்தான் பிரமோசன். அப்பறம் ஒரு ரெண்டு வருசத்துல நீயும் பேசக் கத்துக்கிட்ட. கான்வென்ட்டுல படிச்ச உன்ற ஊட்டுக்காரியும், ஓடு ஒழுகுன பள்ளிக்கோடத்துல படிச்ச நீயும் இப்ப ஒரே ஊட்டுக்கு ஒரே ஈஎம்ஐ கட்டறீங்க. அவளுக்கு அந்த ரெண்டு வருசம் மிச்சம். அதுக்கு அவங்கப்பன் பதினாலு வருசம் ஃபீஸு கட்டுனாரு. லாபமா நட்டமான்னு உன்ற மாமனாரையே கேளு, நான் கேட்டா ஒறம்பரைக்குள்ள சண்டை வந்துரும்.

எக்கனாமிக்ஸ் படிக்கறாளே உன்ற சித்தப்பன் மக, அவ ஒரு சேதி சொன்னா. ஆந்திராவுல 180 கிராமத்துல சீட்டுக் குலுக்கி, விழுந்த புள்ளைகளுக்கு ஃபீஸுக் கட்டித் தனியார் பள்ளிக்கு அனுப்புனாங்களாமா. நாலு வருசங் கழிச்சுப் பரீட்சை வெச்சுப் பாத்தா, தெலுங்குலயும் கணக்குலயும் போன புள்ளைக்கும் போகாத புள்ளைக்கும் வித்தியாசமே இல்லையாமா. இந்தி மட்டும் போன புள்ளைக்கு நல்லா வந்துச்சாமா. ஆனா ஞாயத்தையும் சொல்லோணுமல்லொ. ஒரு புள்ளைக்குச் சர்க்கார் பள்ளியில ஆகற செலவுல மூணுல ஒரு பங்கு கூட அங்க ஆகலையாமா. வாத்தியாருக்கு அள்ளிக் குடுக்கற சம்பளம் அப்பிடி! நீ கட்டற பணம் டீச்சரம்மா கைக்குப் போகுதுன்னு நெனச்சுக்காதே கண்ணு, அந்தப் புள்ள உன்ற ஊட்டு வேலைக்காரியை விடக் கம்மியா வாங்கும்.

அப்பறம் பெரிய வகுப்புக்கு நாமக்கல் பக்கம் ஆஸ்டல்ல போட்டுரு. முட்டைக்கும் மார்க்குக்கும் ஒரே ஊரு, ரெண்டுக்கும் வெளக்கை அணைக்காம வளத்தற முறையும் ஒண்ணுதான். ப்ளஸ் ஒன் பாடத்தையே தொடாம ரெண்டு வருசமும் ப்ளஸ் டூவையே உருப்போட வெச்சாங்க. அந்தக் கூத்துத் தாங்காமத்தான் 2017-18-ல சர்க்கார் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வெச்சுது. விட்ட பாடமெல்லாம் இன்ஜினியரிங் மொத வருசத்துல கணக்குப் பேப்பரா வந்து எதுக்க நின்னுச்சு.

கோதவாடி மயில்சாமி அண்ணாதுரை சர்க்கார் பள்ளியில தமிழ்ல படிச்சுச் சந்திரயான் உட்டாரு, சரக்கல்விளை சிவன் இஸ்ரோவுக்கே தலைவரானாருன்னு மேடையில பேசுவாங்க. அதை நம்பி ஏமாந்துராதே. அவங்க பக்கத்துப் பெஞ்சுல உக்காந்தவங்க என்ன ஆனாங்கன்னு எந்த மேடையிலயும் சொல்றதில்லை.

நான் சொல்றது அந்தப் பெஞ்சைப் பத்தித்தான். எங்க காலத்துல எல்லாஞ் சமமா உக்காந்தோம்னு பொய் சொல்ல மாட்டேன். சேரிப் பையனைத் தள்ளி உக்கார வெச்சதும் அதே பள்ளிக்கோடந்தான். ஆனாலும் ஒருத்தன் பேரு ஒருத்தனுக்குத் தெரியும். உன்ற அப்பன் காலத்துல பண்ணையக்காரர் மகனும் டீக்கடைக்காரர் மகனும் ஒரே பெஞ்சு. இன்னைக்குப் பட்டா மாத்தத் தாலூக்கா ஆபீசுக்குப் போனா, உள்ள இருந்து ஒருத்தன் உன்ற அப்பனைப் பட்டப் பேரு சொல்லிக் கூப்புடறான். ஆஸ்பத்திரியில கம்பவுண்டர் கூட்டாளி, மில்லுல மேஸ்திரி கூட்டாளி. எதுக்கும் ரசீது கெடையாது.

இப்பக் காத்தால ஏழு மணிக்கு இட்டேறி முக்குல போயி நின்னு பாரு. அஞ்சு மஞ்ச வேனு அஞ்சு தெசைக்குப் போகுது. ஒரே வீதிப் புள்ளைக ஒண்ணையொண்ணு தெரியாது. ஆனா வேனுக்குள்ள இருக்கற புள்ளைகளோட அப்பனுகளுக்கெல்லாம் சம்பளம் ஏறக்கொறைய ஒண்ணுதான். ஃபீஸு அப்பிடி ரகம் பிரிச்சு ஏத்தீருது. உன்ற பாப்பா பெருசானா இல்லாதவனை ஒண்ணு வேலைக்காரனாப் பாக்கும், இல்லாட்டி டிவியில பாக்கும்.

தலைவர் புள்ள போயாச்சு, மணியகாரர் புள்ள போயாச்சு. நம்மூர் சர்க்கார் பள்ளிக்கோடத்து வாத்தியாரே தன்ற புள்ளையை வேன்ல ஏத்திப்போட்டுத்தான் இங்க பாடஞ் சொல்ல வண்டியை முறுக்கறாரு. அப்பறம் கக்கூசுல தண்ணி வரலைன்னு யாரு கேப்பா? களை வெட்டப் போனவளா? 2011-ல ஈரோட்டுக் கலெக்டர் ஒருத்தர் தன்ற மகளைக் குமலன்குட்டைப் பள்ளிக்கோடத்துல சேத்துனாரு. கலெக்டர் மக போற கக்கூசுல தண்ணி வராம இருக்குமா? 2015-ல அலகாபாத் ஐகோர்ட்டு, சர்க்கார் சம்பளக்காரங்க எல்லாம் சர்க்கார் பள்ளியிலதான் புள்ளையைச் சேத்தோணும்னு சொல்லுச்சு. சொல்லுச்சு, அவ்வளவுதான்.

நீயும் சர்க்கார் பள்ளியில ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்சா டாக்டர் சீட்டுல 7.5 சதவீதம் ஒதுக்கீடு, பொண்ணு காலேஜு போனா மாசம் 1000 ரூவான்னு கணக்குப் போட்டு வெச்சிருப்பியே. அஞ்சாவது வரைக்கும் அங்க இங்கிலீசு, ஆறாவதுல இங்க ஒதுக்கீடு. பலே ஆளு. பள்ளிக்கோடம் அது வரைக்கும் மூடாம இருக்கோணுமல்லொ. அதுக்கு யாரோட புள்ள வந்து படிக்கும்னு நெனச்ச?

ஒண்ணு வேணாப் பண்ணு. பாப்பாவை இங்க சேத்திப்போட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவுல போயி உக்காரு. கோயமுத்தூர்ல கத்துக்கிட்ட வாயை இங்க வந்து தொற. தண்ணி எங்க, இன்னொரு டீச்சர் எப்ப வருவாங்க, இங்கிலீசு பேச யாரு சொல்லித் தர்றாங்கன்னு மாசாமாசம் கேளு. உன்ற மாமியா மொகம் சுண்டும். அதை நான் பாத்துக்கறேன்.

சேத்தறதுக்கு எவ்வளவுன்னா கேக்கற? ஒத்தைப் பைசா இல்லை. புஸ்தகஞ் சும்மா, துணி சும்மா, காலையிலயும் சோறு போடறாங்க. ஏன் மொகம் அப்பிடிப் போகுது? காசு வாங்காட்டி உனக்கு நம்பிக்கை வராதாக்கும். சரி, ஒரு அம்பதாயிரத்தை எங்கிட்டக் குடுத்துட்டுப் போ. இங்கிலீசுலயே ரசீது போட்டுத் தர்றேன்.