எத்தனை வாட், சார்?

கே: மகனுக்கு லேப்டாப் வாங்கப் போனேன். "ஆர்.டி.எக்ஸ். 4060 போட்டிருக்கு சார், எந்த கேமும் பறக்கும்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– லேத் பட்டறைக்காரர், அம்பத்தூர் எஸ்டேட்

ப: உங்கள் பட்டறைக்கு ஒருவர் மோட்டார் விற்க வருகிறார். "நல்ல கம்பெனி சார்" என்று மட்டும் சொன்னால் விடுவீர்களா? எத்தனை ஹெச்.பி. என்று கேட்க மாட்டீர்கள்? லேப்டாப் கடையில் கேட்க வேண்டியது "எத்தனை வாட்?" லேப்டாப்பில் வரும் 4060 என்ற கிராபிக்ஸ் கார்டை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம் என்று அதைத் தயாரிக்கும் என்விடியாவே லேப்டாப் கம்பெனிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஸ்டிக்கர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் ஆள்தான் வேறு வேறு. அழகாக, ஒல்லியாக இருக்கும் லேப்டாப்பில் 45 வாட்டில் பட்டினி கிடக்கிற 4060, தடித்த லேப்டாப்பில் வயிறு நிறையச் சாப்பிடும் தம்பி 4050-இடம் தோற்றுப்போவதுண்டு. முன்பெல்லாம் வாட் குறைந்த வகையின் பெயரில் 'மேக்ஸ்-க்யூ' என்று ஒரு வாலாவது இருந்தது. 2021-இல் அதையும் நறுக்கிவிட்டார்கள். டெமோ பீஸில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் 'மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்' என்ற வரியைப் பாருங்கள். கடைக்காரர் முகத்தையும் பாருங்கள்.

கே: பையன் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. "படிப்புக்கே கேமிங் லேப்டாப்தாம்மா வேணும்" என்கிறான். உண்மையா?
– ஓர் அம்மா, கள்ளிக்குப்பம்

ப: பாதி உண்மை. சாலிட்வொர்க்ஸில் நூறு பாகங்களைக் கோத்து ஒரு இயந்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, தனி கிராபிக்ஸ் கார்டு நிஜமாகவே உதவும். ஆட்டோகேடில் சாதாரண வரைபடம் போட அது தேவையில்லை. "எந்த சாஃப்ட்வேர்டா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வர மூன்று நொடிக்கு மேல் ஆனால், அது சாஃப்ட்வேர் இல்லை, கேம்.

கே: கையில் 70 ஆயிரம் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– ஆவடி

ப: முதலில், என்ன ஆடப் போகிறீர்கள்? வேலரன்ட் மட்டும் என்றால் தனி கார்டே வேண்டாம், அவ்வளவு எளிய விளையாட்டு. ஜி.டி.ஏ. 5 என்றால் 4 ஜி.பி. உள்ள 3050 தாங்கும். புதிதாக வரும் பெரிய கேம்களுக்கு கார்டின் சொந்த மெமரி 6 ஜி.பி.யாவது வேண்டும், 8 இருந்தால் நிம்மதி. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரேமைப் பிறகு கூட்டலாம், எஸ்.எஸ்.டி.யைப் பிறகு மாற்றலாம் (ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்). கார்டின் மெமரியை மட்டும் பிரம்மாவே வந்தாலும் கூட்ட முடியாது. அதனால் '1 டி.பி. எஸ்.எஸ்.டி.' என்ற ஆசை வார்த்தையை ஒதுக்கிவிட்டு, அந்தப் பணத்தை கார்டில் போடுங்கள். 2050 என்று ஒன்று மலிவாக வரும். அதன் மெமரிக்குப் போகும் பாதை 64 பிட்தான். காலை ஒன்பது மணிக்கு சி.டி.எச். ரோட்டில் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டால் எப்படியோ, அப்படி.

கே: 'ஐரிஸ் எக்ஸ்.இ. கிராபிக்ஸ்' என்று பெட்டியில் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் 'யு.ஹெச்.டி.' என்று காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?
– கொரட்டூர்

ப: ஏமாறவில்லை, ஒற்றை மாட்டைப் பூட்டி ஓட்டுகிறீர்கள். அந்த கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, கம்ப்யூட்டரின் ரேமைத்தான் கடன் வாங்கும். ரேம் ஒற்றையாக இருந்தால் இன்டெல் அதற்கு 'ஐரிஸ்' பட்டம் தராது. இன்னொரு 8 ஜி.பி. ரேமைச் செருகுங்கள். மறுநாள் பெயரும் மாறும், வேகமும் கூடும்.

கே: அக்காவுக்கு 2011-இல் பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப் பரணில் இருக்கிறது. கேம் ஆடலாமா?
– திருமுல்லைவாயல்

ப: அதை மரியாதையாகத் துடைத்து எடுங்கள். அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கியதே நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். 2018 வரை நம் அம்பத்தூரும் அதே மாவட்டம்தானே! 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. டிஸ்க், தனி கார்டு கிடையாது. ஆனாலும் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை ஜி.டி.ஏ. வைஸ் சிட்டியில் பைக் ஓட்டக் கற்றது இந்தப் பெட்டிகளில்தான் என்பது என் துணிபு. 2002-இல் வந்த அந்த விளையாட்டு 128 எம்.பி. ரேம் இருந்தாலே ஓடும். பரண் லேப்டாப் உயிரோடு இருந்தால் இன்றும் ஓடும்.

கே: மே மாதம் முழுக்க, விளையாட ஆரம்பித்த இருபதாவது நிமிடத்தில் கேம் திக்குகிறது. கார்டு பழுதா?
– பாடி

ப: கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. குறிப்பிட்ட சூடு தாண்டினால் சிப் தானே வேகத்தைக் குறைக்கும். லேப்டாப் விசிறி உள்ளே இழுப்பது உங்கள் அறைக் காற்றை. அக்னி நட்சத்திரத்தில் அது 38 டிகிரியில் இருந்தால் விசிறி பாவம் என்ன செய்யும்? முதல் கேள்வி கேட்ட பட்டறைக்காரரிடம் கேளுங்கள், கூலண்ட் இல்லாமல் கட்டிங் போடுவாரா என்று. கட்டிலில், மெத்தைமேல் வைத்து ஆடுகிறீர்களா? அடிப்பக்கத்து ஓட்டைகள் அடைந்துபோயிருக்கும். மேஜைக்கு மாற்றுங்கள். பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுங்கள். ஆயிரம் ரூபாய் கூலிங் பேடு செய்வதில் பெரும்பகுதியை அதுவே செய்துவிடும். கேமின் செட்டிங்ஸில் ஃப்ரேமை நொடிக்கு 60-க்குள் நிறுத்துங்கள். லாரி ஓடும் சாலையோரம் வீடு என்றால் விசிறித் தூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை என்னுடையதைத் திறந்தபோது உள்ளே ஒரு தலையணைக்குத் தேவையான பஞ்சு இருந்தது.

கே: திருவள்ளூர் லோக்கலில் போகும்போது பேட்டரியில் ஆடலாமா?
– பட்டரவாக்கம்

ப: 200 வாட் கேட்கும் பெட்டிக்கு பேட்டரியால் அவ்வளவு தர முடியாது. கேம் பாதி வேகத்தில் நகரும். வண்டி வில்லிவாக்கத்திலிருந்து கிளம்பினால் ஆவடி வருவதற்குள் சார்ஜ் சரிந்திருக்கும். அது இருக்கட்டும், லோக்கலில் லேப்டாப்பை விரிக்க உட்கார இடம் கிடைக்கிறதா? அந்த ரகசியத்தை முதலில் சொல்லுங்கள்.

கே: ஆன்லைன் ரம்மிக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு நல்லது?
– பூந்தமல்லி

ப: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டையே தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டாயிற்று. கார்டு மிச்சம்.

கே: ரிச்சி தெருக் கடையா, ஆன்லைனா?
– முகப்பேர்

ப: எங்கே வாங்கினாலும், பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். அதைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு, வாரண்டி என்றைக்குத் தொடங்கியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் இன்று வாங்கிய லேப்டாப்புக்குப் போன வருஷமே வாரண்டி ஓட ஆரம்பித்திருந்தால், அதற்கு ஏற்கெனவே ஒரு வீடு இருந்ததா என்று கேளுங்கள்.

கே: பி.ஜி.எம்.ஐ. ஆட எந்த லேப்டாப் வாங்கலாம்? பெயர் போட வேண்டாம்.
– கள்ளிக்குப்பம்

ப: அது போனில் ஆடும் விளையாட்டு, தம்பி. மேலே கள்ளிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மாவும் எழுதியிருக்கிறார். அது உங்கள் வீடா என்று நான் கேட்கவில்லை.