எடிசன் நகரத்துக் கார் பாதையும் அதன் எஸ்டிமேட்டும்

சங்கரன்கோவில் அண்ணாச்சி அவர்களின் பார்வைக்கு,

அமெரிக்க வீடுகளில் தெருவிலிருந்து கார் ஷெட் வரை செல்லும் சொந்தப் பாதை ‘டிரைவ்வே’ எனப்படும். அதில் சாணம் தெளிப்பதில்லை, கோலமிடுவதில்லை, சாயங்காலம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாரும் இல்லை. ஆயினும் அதைப் பெயர்த்துப் புதிதாகப் போடத் தரப்படும் எஸ்டிமேட்டைக் காண்பவருக்கு, அவ்வழியே நம்மூர்க் கோமதியம்மன் தேர்தான் ஓடப்போகிறதோ என்ற ஐயம் எழாமல் இராது.

கணக்கு எளிதே. நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் தம்பி குடியிருக்கும் வீட்டுப் பாதை 12 அடி அகலமும் 50 அடி நீளமும் உடையது. 600 சதுர அடிக்கு 4 அங்குலக் கனத்தில் கான்கிரீட் போட 200 கன அடி, அதாவது ஊர்க்கணக்கில் 2 யூனிட் போதும். இங்கே 27 கன அடி கொண்ட ‘யார்டு’ என்பதே அளவாகையால், சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டி 8 யார்டுக்குச் சற்று மேல் வேண்டும் என்பர். இதுவரை சங்கரன்கோவில் கொத்தனாரே விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்.

பணம் கரைவது கான்கிரீட்டில் மட்டுமன்று, அதற்கு முன்னும் அதற்குக் கீழும்தான். பழைய தளத்தை உடைத்த கட்டிகளை ஊரிலே பள்ளத்து மனை வைத்திருப்பவர் கேட்டு வாங்கிப்போவார். இங்கோ அவற்றைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கும் கட்டணம் உண்டு. அடுத்து, சல்லி பரப்பி உருளை விட்டு இறுக்கிய அடிப்படுகை வேண்டும். அதில் சிக்கனம் பார்த்தவர் சில குளிர்காலங்களுக்குள் வெடிப்புகளை எண்ணத் தொடங்குவார். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருத்து, தளத்தை உள்ளிருந்தே பிளப்பதால், அந்தப் பருமனுக்கு இடம் தருவதற்கென நுண்ணிய காற்றுக்குமிழ்கள் விட்ட தனிக்கலவையைப் பயன்படுத்துகின்றனர். காற்றுக்கும் காசு வாங்கும் நாடு என்று அண்ணாச்சி சிரிப்பதில் தவறில்லை.

தோண்டுமுன் 811 என்ற எண்ணில் சொல்லியாக வேண்டும். ஆட்கள் வந்து மின்கம்பிக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை என்று தரையில் கோடு கிழித்துச் செல்வர். எஸ்டிமேட்டில் இலவசமாக நடப்பது அநேகமாக இது ஒன்றே. அந்தப் பாதை கண்ட ஒரே கோலமும் இதுவே.

மூன்று பேரிடமாவது எழுத்தில் விலை கேட்பது இங்குள்ள வழக்கம். கனம், அடிப்படுகை, உடைப்புக்கூலி ஆகியவற்றைப் பிரித்து எழுதாத தாள் எவ்வளவு மலிவானாலும் நம்பத்தக்கதன்று. அதனினும் நம்பத்தகாதவர், பக்கத்துத் தெருவில் வேலை முடிந்து தார் மிஞ்சிவிட்டதாகவும் பாதி விலைக்குப் போட்டுத்தருவதாகவும் கதவைத் தட்டுபவர். சூடு ஆறினால் இறுகிவிடும் தாரை அவ்வாறு மிச்சம் வைப்பது தொழில் தெரிந்தவர் செயலன்று என்பதால், இது அமெரிக்கா முழுவதும் அறியப்பட்ட பழைய மோசடி.

போட்ட கான்கிரீட்டில் சுமார் ஒரு வாரம் கார் ஏற்றலாகாது. முழு வலிமைக்கு 28 நாள் கணக்கு. உறைபனியில் இவ்வேலை ஓடாது என்பதால் ஒப்பந்தக்காரர்கள் அனைவரும் கோடையிலேயே நெருக்கடியில் இருக்கின்றனர்; தம்பிக்குக் கிடைத்த தேதியோ நம்மூர்க் கோவிலின் ஆடித்தபசுத் திருவிழா வாரத்தில் விழுகிறது. ஆடியில் வீட்டுவேலை தொடங்கலாகாது என்று மதினி சொல்லக்கூடும்; ஒப்பந்தக்காரருக்கு ஆடியும் தெரியாது, தபசும் தெரியாது; இதைத் தவறவிட்டால் அடுத்த தேதி புரட்டாசியில்தான் என்கிறார். ஆகவே இவ்வாண்டு தபசுக்குத் தம்பி வருவது உறுதியில்லை. கோவில் பிரசாதமான புற்றுமண் மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
தம்பி